கிரைண்டருக்கு முன்னால் கிடந்த பலகை

உங்களில் பாதிப் பேருக்கு எலெக்ட்ரிக்கல் லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. பர்ஸைத் திறக்கும்போதெல்லாம் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வீர்கள். நானும் பார்த்துக்கொண்டவன்தான். வேலையை விட்டு ஓய்வாக இருக்கிற மனுஷனிடம், "புதுசா வந்துருக்க பிள்ளைகளுக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே" என்று நம் சங்கத்தில் கேட்டார்கள். ஒயரில் கசிவு பார்க்கிற மெக்கரை எப்படிப் பிடிப்பது, எர்த் டெஸ்டர் கம்பியை எவ்வளவு தள்ளி அடிப்பது என்பதையெல்லாம் எழுத மாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் செல்போனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் எழுதப்போவது நான் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி.

நம் பக்கத்தில் வாடகை வீட்டுக்கு மின் பாதுகாப்புச் சான்று கேட்பவர்கள் குறைவு. குடிவருகிறவர் தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்பார். எர்த் இருக்கிறதா என்று கேட்டதை நான் கேட்டதில்லை. வங்கிக்கோ, டியூஷன் சென்டருக்கோ, வேலைக்கு வரும் பெண்கள் தங்குவதற்கோ வீட்டை விடும்போதுதான் எதிராளி, "எலெக்ட்ரிக்கல் சர்டிபிகேட் வேணும்" என்பார். உடனே வீட்டுக்காரருக்கு அவசரம் வந்துவிடும். நம்மைத் தேடுவார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே, வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மகராசன்கள் நம் தொழிலில் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியும்.

நான் ஒருநாளும் அப்படிப் போட்டதில்லை. நேரில் போவேன். சுவிட்ச் போர்டு மூடியைக் கழற்றிப் பார்ப்பேன், அளந்து பார்ப்பேன், பிறகுதான் பேனாவை எடுப்பேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது. நேரில் போய், அளந்து பார்த்து, முறைப்படி எல்லாவற்றையும் செய்து, அதன்பிறகும் தப்பாகக் கையெழுத்துப் போட்ட கதை இது. பன்னிரண்டு பெண்பிள்ளைகளின் உயிர் அந்தக் கையெழுத்தின்மேல் இருந்தது. அவர்களைக் காப்பாற்றியது நான் இல்லை. காப்பாற்றியவருக்கு நன்றி சொல்ல எனக்குக் கிடைத்த இடமாகத்தான் இந்த நாலு பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அது இருக்கும், சும்மா இல்லை என்று தலையாட்டாதீர்கள். நம் மாவட்டத்து மண் செம்மண்ணும் சரளையும். மாசி பிறந்தால் எர்த் குழி காய்ந்து கல்லாகிவிடும். உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏதாவது ஒரு சாமானில் மின்சாரம் கசிந்தால், அது மனுஷ உடம்பு வழியாகப் போகாமல் நேராக மண்ணுக்குள் இறங்குவதற்குப் போட்டுவைத்த வழிதான் எர்த். மண் காய்ந்தால் அந்த வழி அடைபடும். அளவெடுத்தால் தேறாது. தேறாவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அதனால் நான் முந்தின நாளே போன் போட்டுவிடுவேன்: "அண்ணே, நாளைக்குக் காலையில வாரேன். எர்த் குழியில நாலு கொடம் தண்ணி ஊத்தி வைங்க."

இதை ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவே இல்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் செய்தார், நானும் செய்தேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வாசலைக் கழுவிவிடுவார்கள் அல்லவா, அதுபோல ஒரு மரியாதை என்றே வைத்திருந்தேன். சில வீட்டுக்காரர்கள் தண்ணீரோடு இரண்டு கை கல்லுப்பும் போட்டுவைப்பார்கள். நான் பாராட்டுவேன்.

இலுப்பூரில் அந்த வீடு. இது நடந்து பத்து வருடம் இருக்கும். வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில் இருபது வருடம் கிடந்து, சம்பாதித்ததையெல்லாம் அந்த வீட்டில் போட்டவர். பழைய வீட்டை வாங்கி மேலே கட்டியிருந்தார். நடுவில் அவர் இருந்தார். முன்பக்கத்துச் சின்னப் பகுதியில் ஒரு பெண்மணி, இட்லி மாவு ஆட்டி விற்பவர், ஏழெட்டு வருடமாகக் குடியிருந்தார். பின்பக்கத்தையும் மாடியையும் ஒரு கம்பெனிக்காரர்கள், வேலைக்கு வரும் பன்னிரண்டு பெண்கள் தங்குவதற்காகக் கேட்டிருந்தார்கள். சர்டிபிகேட் இருந்தால்தான் அக்ரிமெண்ட்.

"தம்பி, சீட்டு இன்னைக்கே வேணும். நாளைக்கு முகூர்த்த நாளு. கம்பெனிக்காரங்க காலையில வாராங்க" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. இளநீரை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எர்த் குழியைக் காட்டினார். முந்தின நாள் நான் போனில் சொன்னதைத் தட்டாமல் செய்திருந்தார். குழியைச் சுற்றி மண் கறுத்து ஈரமாக இருந்தது. அளந்தேன். நன்றாகவே தேறியது.

மேலும் கீழும் ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒயரிங் சுத்தமாக இருந்தது. கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் டிரிப் சுவிட்ச், அதாவது ஆர்சிசிபி, அந்த வீட்டில் இல்லை. அப்போது பல வீடுகளில் இருக்காது. "ஒண்ணு போட்டுருங்கண்ணே" என்று வாய்வார்த்தையாகச் சொன்னேன். "போட்டுருவோம் தம்பி" என்று அவரும் வாய்வார்த்தையாகச் சொன்னார்.

கடைசியாக முன்பகுதிக்குப் போனோம். மொத்த வீட்டுக்கும் எர்த் ஒன்றுதான் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். அடுப்படியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தம்மா அதன் முன்னால் நின்று மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். தரையில் ஒரு பலகை கிடந்தது. இரண்டு பாதம் வைக்கிற அளவு. அதன்மேல் நின்றுதான் மாவைத் தள்ளினார்.

வீட்டுக்காரர் கதவோரம் நின்றுகொண்டார். நான் கேட்டேன், "கரண்டுல ஏதாச்சும் தொந்தரவு இருக்காம்மா?"

அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் வீட்டுக்காரரை ஒரு தடவை பார்த்தார். "ஒண்ணுமில்ல சார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"ஏழெட்டு வருசமா இருக்கு, ஒரு கொறை சொன்னதில்ல" என்றார் வீட்டுக்காரர்.

நான் பலகையைத் தாண்டிக் காலை வைத்து சுவிட்ச் போர்டைச் சோதித்தேன். கிரைண்டரை நான் தொடவில்லை. குடியிருக்கிறவர் சாமான் நம் கணக்கில் வராது என்பது அப்போது என் சட்டம். பலகை ஏன் கிடக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. உயரம் பற்றாமல் போட்டிருப்பார் என்றுகூட நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒன்றுமே நினைக்கவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, கீழே என் செல் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். இளநீர் நன்றாக இருந்தது.

அதன்பின் இரண்டு மாதம் அந்த வீட்டை நான் நினைத்தே பார்க்கவில்லை.

கத்திரி வெயில் நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்னமராவதியில் என் மனைவி வழிச் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, உப்பு வைத்துவிட்டார்கள். போன் அடித்தது. புது நம்பர்.

"சார், நான் இலுப்பூர்ல இருந்து பேசுறேன். மாவு ஆட்டுறவ. நீங்க வந்து வீட்டைப் பாத்துட்டுப் போனீங்கள்ல."

"சொல்லுங்கம்மா. என் நம்பர் எப்படிக் கெடச்சுச்சு?"

"நீங்க கையெழுத்துப் போட்ட சீட்டைக் கண்ணாடி போட்டு மீட்டருக்கு மேல மாட்டி வச்சுருக்காரு சார். அதுல இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பின்னாடி வீட்டுல ஒரு பிள்ளைக்குக் குளிக்கிற ரூம்புல கொழாயத் தொட்டதும் ஷாக் அடிச்சுருச்சு சார். தூக்கி வீசிருச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல, கை மரத்துப்போயி உக்காந்துருக்கு. போன ஞாயித்துக்கெழமையும் ஒண்ணு லேசா சுருக்குன்னுச்சுன்னு சொல்லுச்சு, நாங்கதான் பெருசா எடுத்துக்கல."

"ஞாயித்துக்கெழமை மட்டுமா?"

"அதான் சார் நானும் யோசிச்சேன். மத்த நாள்ல அதுக வெள்ளன குளிச்சுட்டு வேலைக்குப் போயிரும். நான் அதுக்கு மேலதான் ஆட்டுவேன். ஞாயித்துக்கெழமதான் ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. என் கிரைண்டர் ஓடுறப்பதான் சார் அங்கிட்டு ஷாக் அடிக்குது. சத்தம் கேட்டதும் கிரைண்டரை நிறுத்திட்டேன். மறுபடி போட்டுப் பாக்கப் பயமா இருக்கு."

நீங்கள் மீட்டரும் மெக்கரும் வைத்துக்கொண்டு அரை நாள் தேடுகிற பழுது இது. அந்தம்மா மாவுக் கையோடு நின்று யோசித்தே கண்டுபிடித்துவிட்டார். நான் அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன்: "கிரைண்டர்ல கசிவுன்னா உங்களுக்கு அடிக்கணுமேம்மா?"

"எனக்குப் பலகை இருக்கு சார். போன கோடையில இருந்து போட்டுத்தான் நிக்கிறேன். அதுகளுக்கு என்ன இருக்கு?"

நான் தாண்டிப்போன பலகை அப்போதுதான் என் கண்ணில் பட்டது. பொன்னமராவதியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் கண்ணில்.

"அம்மா, நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க. கையை நல்லாத் தொடச்சுக்கங்க. செருப்புப் போட்டுக்கங்க. கிரைண்டரைத் தொடாதீங்க. போயி மெயினை எறக்கி விட்டுருங்க. ஒருத்தரும் குளிக்கக் கூடாது, கொழாயத் தொடக் கூடாது. நான் வார வரைக்கும் யாரும் மெயினைப் போடக் கூடாது."

"மெயினு வீட்டுக்காரரு வராண்டாவுல இருக்கு சார்." குரல் தாழ்ந்தது. "யாரைக் கேட்டு அமத்துனேன்னு கேப்பாரு. கரண்டைப் பத்தி வெளியாள்கிட்ட எதுவும் பேசக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருக்காரு."

"நான் சொன்னேன்னு சொல்லுங்கம்மா."

பிறகு, "சரிங்க சார். காலி பண்ணச் சொன்னாச் சொல்லட்டும்" என்று போனை வைத்தார்.

நான் எழுந்தேன். "எலையில உக்காந்துட்டு எந்திரிக்காதீங்க மாமா" என்று கையைப் பிடித்தார்கள். இலையை மடக்காமல் எழுந்து போனதற்காக அந்த வீட்டில் இரண்டு வருடம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர்களிடம் காரணத்தை விளக்கவும் எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு பிள்ளைகள், குளியலறை, என் கையெழுத்து, இவை மட்டும்தான் மண்டைக்குள் ஓடின. மோட்டார் சைக்கிளில் அந்த வழி நெடுக, அந்தம்மா மெயினை இறக்கியிருப்பாரா, இறக்கினாலும் வீட்டுக்காரர் மறுபடி தூக்கிவிட்டிருப்பாரா என்று பயந்துகொண்டே போனேன்.

இறக்கியிருந்தார். நான் உள்ளே நுழைந்தபோது அந்தம்மா மெயின் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேலாக அங்கேயே நின்றிருக்கிறார். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. பெண்கள் முற்றத்தில் கூடி நின்றார்கள். ரேவதி என்று ஒரு பிள்ளை, வலது கையை இடது கையால் அமுக்கிக்கொண்டே, "இப்பப் பரவாயில்ல சார்" என்றது. என் மகளைவிடச் சின்னப் பிள்ளை. "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி நெஞ்சைப் பாத்துட்டு வாங்க" என்று துணைக்கு ஒரு பெண்ணைச் சேர்த்து அனுப்பிவைத்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, நல்லா வெயில்ல ஃபேனைக்கூட அமத்திப்புட்டாங்க" என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர். நான் வண்டிப் பெட்டியில் எப்போதும் கிடக்கும் மெக்கரை எடுத்து வந்து கிரைண்டரைச் சோதித்தேன். அந்தம்மா சொன்னது சரி. மோட்டார் சுருள் நைந்து, கிரைண்டரின் இரும்பு உடம்புக்குக் கசிந்தது. எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. எர்த் கம்பி வழியாகவே வீடு முழுக்கச் சுற்றி, தண்ணீர் மோட்டாரின் உடம்புக்குப் போய், அங்கிருந்து பழைய இரும்புக் குழாய் வழியாகப் பின்பக்கத்துக் குளியலறைக்குப் போயிருக்கிறது.

மம்மட்டியை வாங்கி எர்த் குழியை நானே வெட்டினேன். மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே, கம்பி அரித்து, மண்ணில் இறக்கியிருந்த எர்த் பைப்பை விட்டு நாலு விரல் தள்ளித் தனியாகக் கிடந்தது. எத்தனை வருடமாக அப்படிக் கிடந்ததோ. நடுவில் இருந்த மண் ஈரமாக இருந்தால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு, காய்ந்தால் இல்லை. மாசியில் நான் வந்து அளந்தது நாலு குடம் தண்ணீரைத்தான். ஊற்றச் சொன்னதும் நான்தான்.

குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் என்று சொன்னால் போதாது.

வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் விஷயம் புரிந்தது. வெளிநாட்டில் பெரிய பெரிய மெஷின்களோடு வேலை பார்த்தவர்தானே. பிறகு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, ஆரம்பிச்சது எங்க? அந்தம்மா கிரைண்டர்லதான? கிரைண்டர் பழுதுனால வந்ததுன்னு எழுதிக் குடுங்க. நான் சத்தமில்லாம எர்த்தைச் சரி பண்ணிர்றேன். அந்தம்மாவை வேற எடம் பாத்துக்கச் சொல்லிர்றேன். உங்க கையெழுத்தும் தப்பிச்சுரும், என் வீடும் தப்பிச்சுரும்."

தம்பிகளே, தங்கச்சிகளே, இதைக் கவனியுங்கள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கசிவு கிரைண்டரில்தான். அப்படி எழுதினால் எந்த அதிகாரியும் என்னைக் குறை சொல்ல முடியாது. என் லைசென்ஸ் பத்திரமாக இருக்கும். அவர் வாழ்நாள் உழைப்பில் கட்டிய வீட்டுக்கும் கெட்ட பெயர் வராது. நமக்கு வருகிற பெரிய சோதனைகள் பொய் எழுதச் சொல்லி வருவதில்லை. பாதி உண்மையை எழுதச் சொல்லித்தான் வரும். ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிற நேரம் நான் அதை யோசித்தேன். யோசிக்கவில்லை என்று உங்களிடம் ஏன் நடிக்க வேண்டும்?

தலையைத் தூக்கினால், அந்தம்மா நடைவாசலில் நிற்கிறார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் வேணும்னாலும் காலி பண்ணிக்கிறேன் சார். அதுகளை மட்டும் இப்பக் குளிக்க விட்டுராதீங்க" என்றார்.

நான் எழுந்து வராண்டாவுக்குப் போனேன். மீட்டருக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் என் சர்டிபிகேட் தொங்கியது. ஆணியிலிருந்து கழற்றி, பின்பக்க அட்டையைப் பிரித்து, காகிதத்தை எடுத்தேன். குறுக்கே 'ரத்து' என்று எழுதி, 'எர்த் துண்டித்திருந்ததை நான் கவனிக்கத் தவறினேன்' என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். பிறகு கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, சர்டிபிகேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டேன், தப்பு என்னுடையது, சரிசெய்து அளந்து பார்க்கும் வரை பெண்களை வேறு இடத்தில் தங்கவையுங்கள் என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த திட்டையெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிப்புட்டீங்க?" வீட்டுக்காரர் குரல் உடைந்துவிட்டது. "இந்த வீடு ஒண்ணுதான தம்பி எனக்கு. அதுக போயிட்டா யாரு வருவா?" பிறகு அந்தம்மா பக்கம் திரும்பினார். "ஒனக்கு நான் என்ன கொறை வச்சேன்? எங்கிட்டச் சொல்லாம எங்கேயோ இருக்கவருக்குப் போன் போடுற!"

"போன கோடையில சொன்னேன்ணே. செருப்பைப் போட்டுட்டு ஆட்டுன்னு சொன்னீங்க" என்றார் அந்தம்மா. குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னார். அவ்வளவுதான்.

முற்றத்தில் நின்ற பிள்ளைகளில் ஒன்று சொன்னது: "சரி பண்ணிக் குடுங்க தாத்தா, நாங்க திரும்பி வாரோம். ஆனா அக்காவைக் காலி பண்ணச் சொன்னா நாங்க வரமாட்டோம்." மற்றதுகளும் தலையாட்டின. அந்தப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடே அந்தம்மா மாவில் ஊற்றுகிற தோசைதான்.

வீட்டுக்காரர் அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளையை நினைத்தாரோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரும் வீட்டைக் காலி பண்ண வேணாம். என்ன செய்யணும்னு சொல்லுங்க தம்பி" என்றார். அந்த மனுஷனுக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன். என்மேல் புகார் எழுதிப் போட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. போடவில்லை. இலுப்பூர்ப் பக்கம் கொஞ்ச காலம் என்னை யாரும் கூப்பிடவில்லை, அது வேறு. பிறகு, "தான் போட்ட கையெழுத்தைத் தானே அடிச்சவரு, அவரைக் கூப்புடு" என்று கூப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து முந்தின நாள் போன் போட்டால், "தயவுசெஞ்சு எர்த் குழியில தண்ணி ஊத்தாதீங்க" என்பேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. இன்னொரு பழக்கமும் வந்தது. வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பிவிட்டோ, தண்ணீர் கேட்டு உள்ளே அனுப்பிவிட்டோ, குடியிருப்பவர்களிடம் தனியாகப் பேசுவேன். கோட்டைப்பட்டினத்தில் ஒரு வாடகை வீட்டில் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு துண்டு சுற்றிக் கட்டியிருந்தது. அங்கே குடியிருந்த அம்மா, அவர் பிள்ளைகள், கடலுக்குப் போய்விட்டு வந்த அவர் கணவர், எல்லாரும் துண்டைப் பிடித்தே திறந்தார்கள். "துண்டு எதுக்கும்மா?" என்றேன். "அது இல்லாட்டி கையில கடிக்கும்ல" என்றார், ஏதோ எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் கடிக்கும் என்பதுபோல. உப்புக்காற்றில் எர்த் முனை துரு ஏறிப் பொடியாகிவிட்டிருந்தது. வேறு வேறு வீடுகளில், புறங்கையால் தட்டிவிட்டுப் பிறகு தொடுகிற குழாயையும், பிள்ளைகளைக் கிட்டே விடாத சுவரையும் பார்த்திருக்கிறேன். நம் மீட்டர் வருகிற அன்றைக்கு மட்டும்தான் அந்த வீட்டை அளக்கிறது. குடியிருக்கிறவர்கள் தினமும் உடம்பால் அளந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

இலுப்பூருக்கு வருகிறேன். மூன்றாம் நாள் மதியம். புது எர்த் குழி, புதுக் கம்பி, ஆர்சிசிபி, எல்லாம் போட்டாகிவிட்டது. கிரைண்டர் மோட்டாருக்குப் புதுச் சுருள் கட்டி வந்துவிட்டது. புதுக் குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் உச்சி வெயிலில் அளந்தேன். எல்லா இடத்தையும் நானே தொட்டுப் பார்த்தேன். திருப்தி. வராண்டாவில் உட்கார்ந்து புது சர்டிபிகேட்டை எழுதினேன். நான் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே ஒரு கோடு போட்டு, 'குடியிருப்பவரிடம் விசாரித்தது' என்று எழுதினேன். எந்தப் படிவத்திலும் அப்படி ஓர் இடம் கிடையாது. நானாகப் போட்டுக்கொண்டது. அதன்பிறகு ஓய்வுபெறும் வரை ஒரு வாடகை வீட்டுக்கும் அந்தக் கோடு இல்லாமல் நான் சான்று கொடுத்ததில்லை.

அந்தம்மாவைக் கூப்பிட்டேன். பெயரை எழுத வேண்டும். அப்போதுதான் உறைத்தது, இத்தனை நடந்தும் அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. என் போனில் 'இலுப்பூர் மாவு' என்றுதான் ஏற்றிவைத்திருந்தேன்.

"உங்க பேரு என்னம்மா?"

"இந்திராணி சார்."

"இந்தக் கோட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நீங்க போட்டப்புறந்தான் நான் போடுவேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர் பேனாவை வாங்கவில்லை. காகிதத்தைப் படித்தார். "நான் போட்டா யாரு சார் நம்புவா?"

"நான் நம்புவேன்ம்மா. நான் போட்டதை நம்பித்தான் அந்தப் பிள்ளைக குளிக்கப் போச்சுக."

"இருங்க சார். பாத்துட்டு வந்து போடுறேன்."

உள்ளே போனார். வராண்டாவிலிருந்து அடுப்படி தெரியும். கிரைண்டரைப் போட்டார். கீழே கிடந்த பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். வெறுங்காலோடு தரையில் நின்று, கையை அதன்மேல் வைத்து, அசையாமல் இருந்தார். பிறகு அதை ஓடவிட்டுவிட்டுப் பின்வீட்டுக்கு நடந்தார். குளியலறைக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்டது. மறுபடி திறந்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் பரீட்சை எழுதிவிட்டு வெளியே நிற்கிற பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்து பேனாவை வாங்கினார். எழுத்துக்கூட்டி நிதானமாகத் தன் பெயரைப் போட்டார். அதற்குக் கீழே நான் போட்டேன்.